‘அமைதியின்மை’ என்று எழுதிவிட்டால் போதுமா?

தேர்வு நெருங்கும்போது வகுப்புக்கு வகுப்பு ஒரு சொற்பட்டியல் கைமாறும். இடப்பக்கம் ஆங்கிலம், வலப்பக்கம் தமிழ். ‘அன்ரெஸ்ட்’ என்றால் அமைதியின்மை. ‘ரெஸ்ட்லெஸ்னெஸ்’ என்றாலும் அமைதியின்மை. ‘டர்மாயில்’ கொந்தளிப்பு, ‘அஜிடேஷன்’ கிளர்ச்சி, ‘ரையட்’ கலவரம். மனனம் செய்ய வசதிதான். ஆனால் இந்தப் பட்டியலை நம்பி எழுதப்படும் கட்டுரைகளில் ஒரே குறை திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. யார், யார்மேல், எதற்காகக் கோபப்பட்டார்கள் என்பது எங்குமே இருக்காது. ‘நாட்டில் அமைதியின்மை ஏற்பட்டது’ என்று முடிந்துவிடும், ஏதோ மழை பெய்தது என்பதுபோல.

நம் தோட்ட வரலாற்றிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டு. 1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் இந்தியத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். தமிழ் நேசன் நாளிதழில் பணியாற்றிய ஆர்.எச். நாதன் முன்னணியில் நின்றார். கேட்டது சம்பளம் மட்டுமில்லை. சீனத் தொழிலாளர்களுக்குச் சமமான கூலி, தோட்டத்துக் கள்ளுக்கடைகளை மூடுவது, பிள்ளைகளுக்கு முறையான கல்வி என்று பட்டியல் நீண்டது. துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்பதும் அதில் ஒன்று. மே மாதம் நாதன் கைதானார். சிலாங்கூரில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் இறந்தார்கள். நாதன் நாடு கடத்தப்பட்டார்.

காலனித்துவ ஆட்சியின் எழுத்தில் இதற்குப் பெயர் ‘டிஸ்டர்பன்ஸ்’. அதாவது தொந்தரவு. யாருக்குத் தொந்தரவு என்று மாணவரைக் கேட்டுப் பாருங்கள், பாதிப் பாடம் அங்கேயே முடிந்துவிடும்.

அந்தச் சைக்கிள் கோரிக்கையைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். அது காசுக் கணக்கில் வராதது. தினம் தினம் இறங்கி ஏறியவன் மனத்தில் இருந்ததற்குத் தமிழில் நல்ல சொல் இருக்கிறது: மனப்புழுக்கம். புழுக்கம் என்பது மழைக்கு முந்திய, காற்றே இல்லாத வெக்கை. அது முற்றினால் குமுறல். குமுறல் ஆட்களைத் திரட்டிக்கொண்டு வெளியே வந்தால் கிளர்ச்சி. கட்டுமீறி அடிதடி, தீவைப்பு என்று போனால்தான் கலவரம். கலகம் இந்த வரிசையில் சேராது. அது பெரும்பாலும் ஆட்சியில் இருப்பவர் கண்ணால் பார்க்கும் சொல். 1806இல் வேலூரில் நடந்ததை ‘வேலூர்க் கலகம்’ என்றும் எழுதுகிறோம், ‘வேலூர்ப் புரட்சி’ என்றும் எழுதுகிறோம். நிகழ்வு ஒன்றுதான், எழுதுபவர் நிற்கும் இடம்தான் வேறு.

இன்னொன்று. கதைகளில் ‘அவள் கலவரத்துடன் வாசலைப் பார்த்தாள்’ என்று வரும். அங்கே யாரும் கல்லெறியவில்லை; அச்சமும் குழப்பமும் கலந்த மனநிலை அது. கொந்தளிப்பும் அப்படித்தான், கடலுக்கும் உண்டு, கூட்டத்துக்கும் உண்டு, மனத்துக்கும் உண்டு. ஆங்கிலத்தின் ‘டர்மாயில்’, ‘அஜிடேஷன்’ இரண்டும் இதேபோல உள்ளும் புறமும் போய்வரும் சொற்களே. ஒரு சொல்லுக்கு ஒரு சொல் என்று கோடு போடும் பட்டியலில் இந்தப் போக்குவரத்து அடைபட்டுப் போகிறது.

பெயர் வைப்பதில் பணமும் இருக்கிறது. 1948 ஜூனில் தொடங்கி 1960 வரை மலாயாவில் நடந்தது ஆயுதப் போர்தான். ஆனால் பிரிட்டிஷார் வைத்த பெயர் ‘எமர்ஜென்சி’. போர் என்று சொன்னால் தோட்டங்களுக்கும் ஈயச் சுரங்கங்களுக்கும் ஏற்பட்ட இழப்புக்கு இலண்டன் காப்புறுதி நிறுவனங்கள் பணம் தரமாட்டா என்பது வரலாற்றாசிரியர்கள் பலர் சொல்லும் காரணம். அதை மலாயில் ‘டாருராட்’ என்றும் தமிழில் ‘அவசரகாலம்’ என்றும் அப்படியே வாங்கிக்கொண்டோம். முள்கம்பி வேலியும் ஊரடங்கும் அரிசிக் கட்டுப்பாடுமாக வாழ்ந்தவர்கள் அதை வீட்டில் என்ன பெயரில் சொன்னார்கள்? பெம்பான், ஜாசின் பக்கத்து மாணவர்கள் தாத்தா பாட்டியிடம் கேட்டு எழுதிவர இது நல்ல வீட்டுப்பாடம்.

‘ரெஸ்ட்லெஸ்னெஸ்’ விஷயத்துக்கு வருவோம். வாயில் சரியான சொல் இருக்கும்போது பேனா வேறு சொல்லைத் தேடுவது இங்கேதான். “ரிசல்ட் வர்ற வரைக்கும் இருப்பே கொள்ளல சார்” என்று பேசும் மாணவன், தாளில் ‘எனக்கு அமைதியின்மை ஏற்பட்டது’ என்று எழுதுகிறான். ‘இருப்புக் கொள்ளவில்லை’ என்பதைவிடப் பொருத்தமான மொழிபெயர்ப்பை நான் எந்தப் பட்டியலிலும் பார்த்ததில்லை. ஓரிடத்தில் உட்கார முடியாத உடம்பையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறது. நிலைகொள்ளாமை, தவிப்பு, சஞ்சலம் எல்லாம் பக்கத்துச் சொற்களே, ஆனால் ஒன்றல்ல. தவிப்பில் ஏக்கம் இருக்கிறது. சஞ்சலத்தில் இரண்டு பக்கமும் ஆடும் மனம் இருக்கிறது. மகன் வேலைக்குச் சிங்கப்பூர் போன தாய்க்கு இருப்பது தவிப்பு. போகலாமா வேண்டாமா என்று கிடந்த மகனுக்கு இருந்தது சஞ்சலம். இப்படி ஆளையும் சூழலையும் வைத்துச் சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகள் சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள்.

எஸ்.பி.எம். எழுதுபவர்களுக்கு ஒரு சிறு குறிப்பு: பேச்சில் ‘பதட்டம்’ என்றாலும் தாளில் ‘பதற்றம்’ என்றே எழுதுங்கள். பதறு என்பதிலிருந்து வந்தது அது.