கல்லறைக் கணக்கு

இரண்டு வாரமாக ராத்திரி தூங்கப் போவதற்கு முன்னால் செத்தவர்கள் பட்டியல் படித்துக்கொண்டிருக்கிறேன். "வேற புஸ்தகமே கிடைக்கலையா?" என்று வீட்டில் கேட்டாகிவிட்டது. கிடைக்காமல் என்ன? இதைக் கீழே வைக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

புத்தகத்தின் பெயர் 'கிரேவ்ஸ்டோன் இன்ஸ்கிரிப்ஷன்ஸ், கவுன்ட்டி டவுன்'. கவுன்ட்டி என்றால் நம்ம ஊர் மாவட்டம் மாதிரி. வட அயர்லாந்தில், பெல்ஃபாஸ்ட்டை ஒட்டி இருக்கிறது டவுன். அந்த மாவட்டத்து இடுகாடுகளில் நிற்கிற பழைய கற்களில் எழுதியிருப்பதைப் பெயர்த்தெழுதி அச்சடித்திருக்கிறார்கள். முதல் தொகுதி 1966-ல் வந்தது. அதற்கப்புறம் ஒவ்வொன்றாக வந்து இருபதைத் தாண்டிவிட்டது. தொகுத்தவர் ஆர்.எஸ்.ஜே. கிளார்க். தொழில்? மயக்க மருந்து டாக்டர். பெல்ஃபாஸ்ட் க்வீன்ஸ் பல்கலைக்கழகத்தில் அந்தத் துறையின் பேராசிரியர். வேலை நாளில் ஆட்களைத் தூங்க வைத்துவிட்டு, லீவு நாளில் தூங்குகிறவர்களைத் தேடிப் போயிருக்கிறார். (இந்த ஜோக்கை அயர்லாந்தில் ஏற்கெனவே ஆயிரம் பேர் அவரிடம் சொல்லியிருப்பார்கள். போகட்டும்.)

கல்லறையில் எழுதியிருப்பதை நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைக்க ஒரு பேராசிரியர் எதற்கு என்று கேட்கலாம். அதற்கு அயர்லாந்தின் காகிதங்களுக்கு என்ன ஆச்சு என்று தெரிய வேண்டும்.

1922 ஜூன் 30. உள்நாட்டுச் சண்டை. டப்ளினில் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்தில் இருந்த அரசு ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்தது. 1821 முதல் 1851 வரை பத்து வருஷத்துக்கு ஒரு தரம் எடுத்த நான்கு மக்கள்தொகைக் கணக்கெடுப்புகள், சில துண்டு துணுக்குகள் தவிர, சாம்பல். உயில்கள் போச்சு. அங்கே கொண்டுவந்து வைத்திருந்த ப்ராட்டஸ்டன்ட் சர்ச் பதிவேடுகள் போச்சு. சரி, அதற்கப்புறம் எடுத்த கணக்கு இருக்குமே? இல்லை. 1861, 1871 இரண்டையும் அரசாங்கமே அழித்துவிட்டது. 1881, 1891 இரண்டும் முதல் உலகப்போர் சமயத்தில் பழைய பேப்பர் கணக்கில் கூழாக்கப்பட்டன. எதிரி வந்து கொளுத்தியதைவிட இதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். நாடு முழுக்க முழுசாக மிஞ்சியிருக்கும் மிகப் பழைய கணக்கெடுப்பு 1901-தான். எல்லா மதத்தாருக்குமாகப் பிறப்பு, இறப்பைப் பதிய ஆரம்பித்ததே 1864-ல். கத்தோலிக்கக் கோயில் பதிவேடுகள் தப்பின, ஆனால் ஏழை மேற்குப் பகுதிகளில் பல பங்குகளில் அவையே 19-ம் நூற்றாண்டில்தான் தொடங்குகின்றன.

ஆக, 1780-ல் செத்துப்போன ஒரு சாதாரண விவசாயி இந்த உலகத்தில் இருந்தான் என்பதற்கு அத்தாட்சி ஒரு கல்லாக மட்டும் இருக்கலாம். அந்தக் கல்லும் ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் கரைகிறது. மணற்பாறை என்றால் பக்கோடா மாதிரி உதிரும். ஸ்லேட் கல் என்றால் இருநூறு வருஷம் கழித்தும் நேற்றுப் பொளிந்த மாதிரி நிற்கும். எந்தக் கல் கிடைத்தது என்பதைப் பொறுத்து ஒரு குடும்பத்தின் சரித்திரம்.

கிளார்க்குக்கு முன்னோடிகள் உண்டு. 1888-ல் கார்லோ மாவட்டத்துக்காரர் கர்னல் விகர்ஸ் என்பவர், அயர்லாந்தில் இறந்தவர்களின் நினைவுச் சின்னங்களைக் காப்பாற்ற ஒரு சங்கம் ஆரம்பித்தார். அவருக்குப் பிறகு லார்ட் வால்டர் ஃபிட்ஸ்ஜெரால்ட் முனைந்து நடத்தினார். சங்கத்தின் சஞ்சிகை 1930-கள் வரை வந்தது. ஊர் ஊராக இருந்த ஆர்வலர்கள், பாதிரியார்கள் தங்கள் பக்கத்துக் கற்களைப் படித்து எழுதி அனுப்ப, அதைப் போடுவார்கள். படிக்க இதுதான் சுவாரஸ்யம். பிரபுக்களின் குலச்சின்னங்கள், லத்தீன் வரிகள், எந்த வம்சம் எந்தக் கோட்டையில் இருந்தது என்கிற உபகதைகள் எல்லாம் உண்டு. அனுப்புகிறவர் ரசித்து அனுப்புகிறார் என்பது தெரியும்.

அந்த ரசனைதான் வில்லங்கம். ஒரு இடுகாட்டில் இருநூறு கல் இருந்தால் அனுப்புகிறவர் தனக்குப் பிடித்த பத்தை எழுதி அனுப்புகிறார். மீதி? 'மற்றவை முக்கியமில்லை.' யாருக்கு முக்கியமில்லை? அந்த மற்றவற்றில் ஒன்று பாஸ்டனில் பஸ் ஓட்டுகிறவரின் கொள்ளுத் தாத்தாவாக இருக்கலாம். எழுதி அனுப்பியவர் போய்ச் சேர்ந்தார், கல்லும் உதிர்ந்துவிட்டது. இனி யாரும் படிக்க முடியாது.

இது அயர்லாந்து வியாதி மட்டும் இல்லை. நம்ம சென்னையிலேயே ஜே.ஜே. காட்டன் என்கிற ஐ.சி.எஸ். அதிகாரி 1905-ல் மதராஸ் கல்லறைகளின் வாசகங்களைத் தொகுத்தார். பொக்கிஷம், சந்தேகமில்லை. ஆனால் தலைப்பிலேயே 'சரித்திர அல்லது தொல்லியல் முக்கியத்துவம் உள்ள' என்று ஒரு செக்போஸ்ட் வைத்திருக்கிறார். கவர்னர்கள் தாண்டிவிடுவார்கள். மதராஸ் ஃபியூசிலியர்ஸ் என்று ஒரு படைப்பிரிவு இருந்தது. அதுதான் 1881-ல் ராயல் டப்ளின் ஃபியூசிலியர்ஸின் ஒரு பாதியாக மாறியது. அதில் சேர்ந்து இங்கே காலராவில் போன சிப்பாய்க்கு முதலில் கல் வைக்கவே யார் இருந்தார்கள்? அப்படியே வைத்திருந்தாலும் செக்போஸ்ட் தாண்டியிருக்குமா?

கிளார்க்கின் பக்கங்களில் இந்த ரசனைத் தொந்தரவு கிடையாது. பழைய கல்லா, எழுத்துத் தெரிகிறதா, எழுது. பிரபுவுக்கு இரண்டு வரி என்றால் பிரபுவுக்கு இரண்டு வரி. கொல்லனுக்குப் பதினோரு வரி என்றால் கொல்லனுக்குப் பதினோரு வரி. மேலோட்டமாகப் புரட்டினால் டெலிபோன் டைரக்டரி மாதிரி இருக்கும். நான் பி.காம். படித்தவன், பேரேட்டைப் படித்தே வளர்ந்தவன் என்பதால் எனக்கு அலுக்கவில்லையோ என்னவோ. நாலு பக்கம் பொறுமையாகப் படித்தால் ஆட்கள் எழுந்து நடமாட ஆரம்பிக்கிறார்கள்.

உதாரணமாக, ஐரிஷ் கற்களில் பெரும்பாலும் முதலில் வருவது செத்தவர் பெயர் இல்லை. கல் வைத்தவர் பெயர். 'இன்ன ஊர் இன்னார், தன் தகப்பனாருக்காக எழுப்பியது' என்றுதான் ஆரம்பம். நம்ம ஊர்க் கோயில் ட்யூப்லைட்டில் 'உபயம்' எழுதுகிற மாதிரிதான். சிரிக்கலாம். ஆனால் வம்சாவளி தேடுகிறவருக்கு அந்த உபயதாரர்தான் லாட்டரி. யார் உயிரோடு இருந்தார், எங்கே இருந்தார், யாருக்கு யார் மகன் என்று ஒரே வரியில் சொல்லிவிடுகிறார். சில கற்களில் உபயதாரர் ஊர் நியூயார்க் என்றிருக்கும். கப்பலேறிப் போனவர் அங்கே சம்பாதித்து அனுப்பிய காசில் நின்ற கல்.

அப்புறம் அந்த ஊர்ப் பெயர். அயர்லாந்தில் டவுன்லாண்ட் என்று ஒரு பிரிவு உண்டு. கிராமத்தைவிடச் சின்னது, சில வயல்களும் நாலைந்து வீடுகளும் இருந்தால் போதும். நாடு முழுக்க 60,000-க்கு மேல் இருக்கின்றன. மர்ஃபி என்று மட்டும் தெரிந்து அயர்லாந்தில் போய்த் தேடுவதும், முருகன் என்று மட்டும் தெரிந்து மதுரையில் போய்த் தேடுவதும் ஒன்று. டவுன்லாண்ட் பெயர் கிடைத்தால் கதவு எண்ணே கிடைத்த மாதிரி.

பெண்கள் விஷயம் இன்னும் பிரமாதம். பல கற்களில் மனைவியின் பெயரோடு 'அலையாஸ்' என்று போட்டு அவள் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரையும் வெட்டியிருக்கிறார்கள். நமக்கு அலையாஸ் என்றால் போலீஸ் ஸ்டேஷன் ஞாபகம்தான் வரும். அங்கே அது மரியாதை. கல்யாணமாகி நாற்பது வருஷம் ஆனாலும் அவள் இன்ன வீட்டுப் பெண் என்பதைக் கல் மறக்கவில்லை. ஆனால் பெயர், தேதி மட்டும் போதும் என்று சுருக்கி எழுதுகிற தொகுப்பாளர்கள் முதலில் கத்தரி போடுவது இங்கேதான். இடம் மிச்சமாம். ஒரு வார்த்தையை மிச்சம் பிடித்து ஒரு குடும்பத்தையே செலவு எழுதிவிடுகிறார்கள்.

கிளார்க்கிடம் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. ஒவ்வொரு இடுகாட்டுக்குள்ளும் அவர் கற்களைக் குடும்பப் பெயரின் அகரவரிசையில் அடுக்கிவிடுகிறார். தேடச் சௌகரியம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நிஜத்தில் மாப்பிள்ளை வீட்டுக் கல்லும் பெண் வீட்டுக் கல்லும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கக்கூடும். அச்சில் ஒருவர் 'பி'க்கும் இன்னொருவர் 'எம்'முக்கும் போய்விடுகிறார்கள். யார் பக்கத்தில் யார் படுத்திருக்கிறார்கள் என்பதும் ஒரு வாக்கியம்தான். அதைக் கலைத்துவிட்டார். ஒரு சின்ன வரைபடமும் கல்லுக்கு ஒரு நம்பரும் போதுமே.

இன்னொன்றும் சொல்லவேண்டும். இதில் கிளார்க் தப்பில்லை, படிக்கிறவர்கள் தப்பு. கல்லில் வெட்டிவிட்டால் அது வேதவாக்கு என்று ஒரு நம்பிக்கை. ஆடிட்டிங் வாத்தியார் சொல்வார்: வவுச்சரைப் பார், எப்போது எழுதியது, யார் எழுதியது என்று பார். அப்பா செத்து முப்பது வருஷம் கழித்துக் காசு சேர்ந்த பிறகு பிள்ளை கல் வைக்கிறான். அவனுக்கு வருஷம் சரியாக ஞாபகம் இருக்குமா? வயதோ கேட்கவே வேண்டாம். அயர்லாந்தில் 1909-ல் முதியோர் பென்ஷன் கொடுக்க ஆரம்பித்தார்கள், எழுபது வயதுக்கு. 1901 கணக்கெடுப்பையும் 1911 கணக்கெடுப்பையும் ஒப்பிட்டால் பத்து வருஷத்தில் பதினைந்து வயது ஏறிய கிழவர்கள் எத்தனையோ பேர்! கல்லில் எண்பது, தொண்ணூறு என்று முழு எண்ணாக இருந்தால் கொஞ்சம் சந்தேகப்படுவது நல்லது. இதற்கு மேல் தேய்ந்த '3' எல்லாம் '8' மாதிரி தெரியும். எழுதுகிறவர் ஒரு சுழியைத் தவறாகப் படித்தால் 1733-ல் செத்தவர் 1783 வரை உயிரோடு இருப்பார், பேரனையே மகனாக்கிவிடுவார். கல் உதிர்ந்த பிறகு அந்தத் தப்பைத் திருத்த ஆளில்லை. அதனால்தான் நல்ல தொகுப்பாளர் படிக்க முடியாத இடத்தில் ஊகிக்காமல் காலியாக விடுகிறார். அந்தப் புள்ளிகள்தான் எனக்கு நம்பிக்கை தருகின்றன.

படிக்கும் முறை ரொம்ப எளிது. சாயங்கால வெயில் பக்கவாட்டில் விழும்போது போகவேண்டும், அல்லது ஒரு கண்ணாடியால் வெயிலைச் சாய்த்து அடிக்கவேண்டும். உச்சி வெயிலில் மழமழவென்றிருந்த கல்லில் எழுத்து நிழல் கட்டி எழும். மற்றபடி கம்பி பிரஷ்ஷால் தேய்க்கிறவர்கள், ஷேவிங் கிரீம் பூசுகிறவர்கள், களைக்கொல்லி தெளித்து இயந்திரம் விட்டு 'சுத்தம்' பண்ணுகிறவர்கள் எல்லாரும் நல்லவர்கள்தான். அவர்கள் பண்ணிய சேதம் கொஞ்சநஞ்சமல்ல. அந்நாட்டு ஹெரிட்டேஜ் கவுன்சில் இதற்கென்றே வழிகாட்டி நூல் போட்டிருக்கிறது.

கணக்குப் பார்க்கிறவன் புத்தியில் கடைசியாக உறுத்துவது ஒன்று. இந்த ஐந்தொகையில் ஒரு பக்கம் மட்டும்தான் இருக்கிறது. கல் வெட்டக் காசிருந்தவர்கள் மட்டும்தான் வரவு. 1845-க்குப் பிறகு உருளைக்கிழங்கு அழுகிப் பஞ்சம் வந்தது. சுமார் பத்து லட்சம் பேர் செத்தார்கள், அதற்கும் மேல் ஒரு கூட்டம் கப்பலேறியது. ஸ்கிபரீன் ஊருக்குப் பக்கத்தில் ஆபிஸ்ட்ரூரி இடுகாட்டில் ஆயிரக்கணக்கானவர்களைக் குழிகளில் போட்டு மூடினார்கள். கல்லும் இல்லை, பேரும் இல்லை. ஞானஸ்நானம் பெறாமல் செத்த குழந்தைகளைக் கோயில் மண்ணில் புதைக்க விடமாட்டார்கள். அவர்களுக்கென்று ஊர் ஓரத்தில், வேலி மூலையில் 'கில்லீன்' என்று தனி இடம். தலைமாட்டில் வயலில் கிடந்த ஒரு கல், அவ்வளவுதான். அமெரிக்காவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் கையில் ஒரு பெயரோடு தேடி வருகிறவர்களில் பலர் அந்தக் கப்பலேறியவர்களின் வாரிசுகள். அவர்கள் தேடுகிற ஆளுக்குத்தான் கல் கிடையாது. இருபது தொகுதியையும் புரட்டிவிட்டு வெறுங்கையோடு போவார்கள்.

இதைப் பழைய தொகுப்பாளர்கள் யாரும் பெரிதாக யோசித்ததாகத் தெரியவில்லை. எழுத்துப் படிக்க வந்தவர்கள், எழுத்தில்லாத கல்லைத் தாண்டிப் போய்விட்டார்கள். இப்போது நிலைமை மாறியிருக்கிறது. 2010-ல் தொடங்கிய 'ஹிஸ்டாரிக் கிரேவ்ஸ்' மாதிரி முயற்சிகளில் ஊர்க்காரர்களே இறங்கி, போட்டோ எடுத்து, கல் நிற்கிற இடத்தைக் குறித்து, பெரியவர்கள் சொல்லும் கதைகளையும் பதிவு செய்கிறார்கள். நல்ல சர்வேக்களில் மொட்டைக் கல்லுக்கும் ஒரு நம்பர் உண்டு. படிவத்தில் வாசகம் என்கிற கட்டத்துக்கு எதிரே 'இல்லை' என்று எழுதிவிட்டு, உயரம் இத்தனை, அகலம் இத்தனை, கிழக்குப் பார்த்து நிற்கிறது என்று நிரப்பிவிட்டு அடுத்த கல்லுக்குப் போகிறார்கள்.