கானாவில் பொது மெட்டு

கானா வடசென்னையின் உழைக்கும் மக்களிடையே உருவான பாட்டு வடிவம். ராயபுரம், காசிமேடு, வியாசர்பாடி, புளியந்தோப்பு முதலிய பகுதிகளில் சாவு வீட்டிலும் கல்யாண வீட்டிலும் பாடப்பட்டு வருகிறது. தெரிந்த மெட்டு ஒன்றை எடுத்து அதில் தம் சொற்களை ஏற்றிப் பாடுவது கானாப் பாடகர்களின் பரவலான வழக்கம். திரைப்பாடல் மெட்டுகளும் இதில் தாராளமாகப் புழங்குகின்றன. அதனால் கானாவுக்குச் சொந்த இசை இல்லை என்று குறை சொல்வோர் உண்டு. இக்கட்டுரை அக்குறையைப் பரிசீலிக்கிறது.

ஜமைக்காவின் ரிடிம்

ஜமைக்காவின் டான்ஸ்ஹால் இசையில், பாடகரின் குரல் சேர்வதற்கு முந்தைய தாளப் பின்னணி 'ரிடிம்' எனப்படும். ஒரே ரிடிமில் பலர் தனித்தனிப் பாடல்களைப் பாடுவர். அவை ஒரே தொகுப்பாகவும் வெளிவரும். ஸ்டீவன் 'லென்கி' மார்ஸ்டன் அமைத்த ரிடிம் ஒன்றின் பெயர் 'திவாலி', அதாவது நம் தீபாவளி. கைத்தட்டல் ஓசையே அதன் அடையாளம். அந்த ரிடிமில் பலர் பாடிய தொகுப்பை கிரீன்ஸ்லீவ்ஸ் நிறுவனம் 2002-இல் வெளியிட்டது. ஷான் பாலின் 'கெட் பிஸி', வெய்ன் வொண்டரின் 'நோ லெட்டிங் கோ' ஆகிய இரண்டும் திவாலி ரிடிமில் அமைந்தவை. முதலாவது ஆட்டத்துக்கு அழைக்கிறது. இரண்டாவது காதலைச் சொல்கிறது. அடுத்தடுத்துக் கேட்கையில் தாளம் பழகிவிடுகிறது; காது குரலையும் சொல்லையும் தேடுகிறது. பொதுத் தாளம் அங்கே குறையாகக் கருதப்படுவதில்லை.

மதிப்பீடு

கானாவையும் இவ்வாறே கேட்க வேண்டும். சாவு வீட்டில் இறந்தவரின் பெயரையும் வாழ்க்கையையும் சேர்த்துப் பாடும்போது, பழகிய மெட்டு அந்த ஒரு வீட்டுக்கு உரியதாகிவிடுகிறது. பாடகரின் திறமை அந்தப் பொருத்தத்தில் இருக்கிறது.

திரைப்படம் கானாவுக்குப் பெரும் புகழ் தந்தது. 'சித்திரம் பேசுதடி' (2006) கானா உலகநாதனையும், 'அட்டகத்தி' (2012) கானா பாலாவையும் தமிழகமெங்கும் அறியச் செய்தன. ஆனால் திரைப்பாடல் ஒரு மெட்டை ஒரே வரிகளோடும் ஒரே காட்சியோடும் பிணைத்துவிடுகிறது. பிறகு அதில் வேறு வரிகளைப் பாடுபவர், போலி செய்பவராகத் தோன்றுகிறார்.

2018-இல் முதல் நிகழ்ச்சி நடத்திய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' கானாப் பாடகர்கள் பலரை ஒரே மேடையில் நிறுத்தியது. ஆண்களே பெரிதும் பாடிவந்த கானாவில் இசைவாணியின் குரல் அதன் வழியே பரவலாகக் கேட்டது. எனினும் ஒரே மெட்டில் பலரைப் பாடவைத்து ஒப்பிடுவது அக்குழுவின் நோக்கமாக இருக்கவில்லை.

ரிடிமுக்கும் கானா மெட்டுக்கும் முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. ரிடிம் பதிவு செய்யப்பட்டது, மாறாதது. கானாவின் தாளம் பாடும் இடத்துக்கேற்ப மாறுவது. எனவே எந்தத் தொகுப்பும் ஓர் இரவின் கானாவை மட்டுமே தர முடியும். அப்படியிருந்தும் ஒரே மெட்டில் ஐந்தாறு பேர் பாடியதை, பாடியவர் பெயர், ஊர், பாடிய சந்தர்ப்பம் ஆகியவற்றோடு தொகுப்பது பயனுள்ளது. ஒருவர் எங்கே மற்றவரிடமிருந்து விலகுகிறார் என்பதை அப்போது காதாலேயே அறியலாம்.