எண் வேறு, தடம் வேறு

மாட்டின் காதில் ஆர்.எஃப்.ஐ.டி. என்னும் ரேடியோ அலை அடையாள வில்லை பொருத்துவது இன்று புதுமை அல்ல. எனவே அதை வியந்து எழுதுவதும் வீண், சந்தேகித்து ஒதுக்குவதும் வீண். தடமறியும் அமைப்பு எதையும் மூன்று கேள்விகளால் அளக்கலாம். ஒவ்வொரு விலங்குக்கும் ஐயத்துக்கு இடமில்லாத அடையாளம் இருக்கிறதா? அதன் ஒவ்வொரு இடமாற்றமும் பதிவாகிறதா? நோய் பரவும் நாளில் அந்தப் பதிவு விரைந்து விடை சொல்கிறதா? முதல் கேள்வி கருவியைச் சோதிக்கிறது, இரண்டாவது நடைமுறையைச் சோதிக்கிறது, மூன்றாவது அமைப்பின் பயனையே சோதிக்கிறது. மூன்றுக்கும் சேர்த்து அண்மையில் கடுமையான தேர்வு நடந்த களம் நியூசிலாந்து.

அந்நாட்டின் 'நெய்ட்' என்னும் கால்நடைத் தடமறியும் அமைப்பு 2012 ஜூலையில் மாடுகளுக்கும் அடுத்த ஆண்டு மார்ச்சில் பண்ணை மான்களுக்கும் கட்டாயமானது. பிறந்த 180 நாளுக்குள், அல்லது பண்ணையை விட்டு முதன்முறை வெளியேறும் முன், எது முந்தியதோ அதற்குள் வில்லை பொருத்த வேண்டும். இடம் மாறினால் 48 மணி நேரத்துக்குள் பதிவு செய்ய வேண்டும். விதி சுருக்கமானது, தெளிவானது. ஏட்டளவில் குறை சொல்ல இடமில்லை.

கருவித் தேர்விலும் குறையில்லை. ஐ.எஸ்.ஓ. 11784, 11785 தரங்களின்படி 134.2 கிலோஹெர்ட்ஸில் இயங்கும் இந்த வில்லைக்கு பேட்டரி தேவையில்லை. ரீடர் வீசும் அலையே அதற்கு மின்னூட்டம். இந்தத் தாழ் அதிர்வெண் அலையை ஈரமும் சாணமும் சதையும் தடுப்பதில்லை. மீயுயர் அதிர்வெண் வில்லைகளைச் சில மீட்டர் தொலைவிலிருந்து, பலவற்றை ஒரே நேரத்தில் படிக்கலாம். ஆனால் நீர் அந்த அலையை உறிஞ்சிவிடும், உலோகம் திருப்பிவிடும். தாழ் அதிர்வெண்ணில் வீச்சு குறைவு, ஒவ்வொன்றாகத்தான் படிக்க முடியும். மாடுகள் ஒற்றை வரிசையில் நுழையும் தடுப்புப் பாதையில் அந்தக் குறையும் பெரிதாகத் தெரிவதில்லை. களத்தை அறிந்து செய்த தேர்வு இது. முதல் கேள்வியில் நெய்ட் முழு மதிப்பெண் பெறுகிறது.

இரண்டாவது கேள்வியில் சரிகிறது. 2017 ஜூலையில் தெற்குத் தீவின் பால் பண்ணையொன்றில் 'மைக்கோபிளாஸ்மா போவிஸ்' என்ற நுண்ணுயிரி கண்டறியப்பட்டபோது, கன்றுகளும் மாடுகளும் பண்ணைக்குப் பண்ணை கைமாறிய பல நிகழ்வுகள் தரவுத்தளத்தில் இல்லை. காதில் வில்லை இருந்தது, எண் இருந்தது. அந்த எண் எங்கிருந்து எங்கே போனது என்ற செய்திதான் இல்லை. அதனால் மூன்றாவது கேள்வியிலும் தோல்விதான்: விசாரித்தவர்கள் பண்ணையாளர்களை நேரில் கேட்டும் கொள்முதல் ஆவணங்களைப் புரட்டியும் தடத்தைத் திரட்ட வேண்டியிருந்தது. 2018 மே மாதம் அரசும் மாட்டுத்துறை அமைப்புகளும் நோயை அடியோடு ஒழிப்பதென்று முடிவெடுத்தன. பத்தாண்டுக்கான மதிப்பீடு 88.6 கோடி நியூசிலாந்து டாலர். ஒழிப்பு நடவடிக்கையில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட மாடுகள் வெட்டப்பட்டன.

இந்த இழப்பு முழுவதையும் நெய்ட்டின் கணக்கில் எழுதுவது நியாயமாகாது. இந்நோய் கண்ட மாடு வெளிக்குறி காட்டாமலே இருக்கலாம். தனி மாட்டில் செய்யும் சோதனையை முழுதாக நம்பவும் இயலாது, மந்தை அளவில்தான் ஓரளவு உறுதி கிடைக்கும். குறைவற்ற பதிவு இருந்திருந்தாலும் ஒழிப்பு எளிதாகியிருக்காது. ஆனால் இந்த வாதத்துக்கும் எல்லை உண்டு. கண்ணுக்குத் தெரியாமல் நகரும் நோய்க்காகத்தான் தடமறியும் அமைப்பே தேவைப்படுகிறது. நோய் மறைந்திருந்தது என்பதை அமைப்பின் தோல்விக்குச் சமாதானமாக ஏற்க முடியாது.

பிழை அமைப்பின் தர்க்கத்தில் இருந்தது. பதிவு செய்யும் வேலை பண்ணையாளரின் நினைவிலும் நேர்மையிலும் விடப்பட்டது. அந்த வேலையால் அவருக்கு உடனடிப் பயன் ஏதுமில்லை, செய்யாவிட்டால் தண்டனையும் அரிது. நெய்ட் குறித்து 2018-இல் வெளியான மறுஆய்வு 38 பரிந்துரைகளை முன்வைத்தது. 2019-இல் சட்டம் திருத்தப்பட்டு, தனிநபருக்கான உச்ச அபராதம் ஒரு லட்சம் டாலராக உயர்ந்தது. திருத்தம் சரியானதே. ஆயினும் அச்சத்தை மட்டும் நம்பும் பதிவு, கண்காணிப்பு தளரும்போது தானும் தளரும்.

ஆஸ்திரேலியாவின் தேசியக் கால்நடை அடையாள அமைப்பு இந்த இடத்தில்தான் ஒரு படி மேலே நிற்கிறது. 2005 வாக்கில் மாடுகளுக்கு நாடெங்கும் கட்டாயமான அந்த அமைப்பில், விற்பனைக் களங்களும் இறைச்சிக் கூடங்களும் வில்லையைப் படிக்கின்றன. வணிகம் நடக்கும் வழியிலேயே பதிவும் விழுந்துவிடுகிறது. குறைகள் அங்கும் உண்டு. பண்ணையாளர்கள் நேருக்கு நேர் விற்றுக்கொள்ளும்போது பதிவு மீண்டும் தனிமனிதர் கைக்கே வருகிறது. செம்மறிகளை நெடுங்காலம் மந்தையாக மட்டுமே கணக்கிட்டார்கள். விக்டோரியா மாநிலம் 2017-இல் அவற்றுக்கும் மின்னணு அடையாளத்தைக் கட்டாயமாக்கியது, நாடு தழுவிய விதி 2025 ஜனவரியில்தான் வந்தது.

உணவுச் சங்கிலியின் அடுத்த கண்ணியிலும் இதே தர்க்கம் செல்லுபடியாகிறது. வால்மார்ட் 2003-இல் தன் முதல் நூறு சப்ளையர்களிடம், 2005 ஜனவரிக்குள் பெட்டிகளிலும் அவற்றை அடுக்கும் பேலட்டுகளிலும் ஆர்.எஃப்.ஐ.டி. ஒட்டும்படி கேட்டது. செலவு சப்ளையருக்கு, ஆதாயத்தின் பெரும்பகுதி கடைக்கு. ஈரப் பொருளும் உலோக டப்பாவும் அலையைத் தடுத்தது வேறு. திட்டம் அறிவித்த வேகத்தில் நிறைவேறவில்லை. மாட்டின் தடத்துக்கும் பொருளின் தடத்துக்கும் இடையே ஓர் அறுபடலும் உண்டு. இறைச்சிக் கூடத்தில் தலையோடு வில்லையும் கழிந்துவிடுகிறது. பல மாடுகளின் இறைச்சி சேர்ந்தபின் எஞ்சுவது தொகுதி எண் மட்டுமே. பண்ணையிலிருந்து தட்டு வரை ஒரே தடம் என்ற விளம்பரம் இந்த இடைவெளியை மறைக்கிறது.

ஆகவே தீர்ப்பு இரு பகுதியானது. அடையாளக் கருவியாக ஆர்.எஃப்.ஐ.டி. முதல் தரம். தடமறியும் அமைப்பாக அது தனித்து நிற்காது. ரீடர் எங்கே நிற்கிறது, படிக்கும் வேலையை யார் செய்கிறார், அவருக்கு அதனால் என்ன கிடைக்கிறது என்பவையே அதன் தரத்தை முடிவு செய்கின்றன.

இந்த அளவுகோல் நமக்கும் உரியது. இந்தியாவில் மாடுகளின் காதில் உள்ள மஞ்சள் வில்லை 12 இலக்க எண்ணும் பார்கோடும் கொண்டது. தடுப்பூசிக்கும் சினைப்படுத்தலுக்கும் அந்த எண்ணில் கணக்கு ஏறுகிறது. அதை மின்னணு வில்லையாக மாற்றும் யோசனை வரும்போது சில்லின் விலையைப் பேசுவது மட்டும் போதாது. பொள்ளாச்சிச் சந்தையில் கைமாறிக் கேரளத்துக்குப் போகும் மாட்டின் எண்ணை, விற்பனை முடியும் அந்த நிமிடத்தில் யார் பதிவு செய்வார் என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும். அதற்கு ஆளும் பொறுப்பும் ஊதியமும் வகுத்துவிட்டால், இப்போதுள்ள பார்கோடே பெரும்பகுதி வேலையைச் செய்துவிடும். வகுக்காமல் வாங்கும் விலையுயர்ந்த வில்லை, நியூசிலாந்து பெரும் பொருள் கொடுத்துக் கற்ற பாடத்தை நம் செலவில் மறுபடியும் நடத்தும்.