வராத வலிப்பு

ஆபீஸில் போன் அடித்தாலே 'போச்சுடா' என்று நெஞ்சு படபடக்கிறதா உங்களுக்கு? அப்படியானால் கிளிஃபோர்ட் பியர்ஸ் எழுதிய 'எ மைண்ட் தட் ஃபவுண்ட் இட்செல்ஃப்' புத்தகத்தைப் படித்துப் பாருங்கள். 1908-ல் வந்தது. அமெரிக்காவில் மனநல சீர்திருத்த இயக்கத்துக்குப் பிள்ளையார் சுழி போட்ட புத்தகம் என்பார்கள். வாஸ்தவம்தான். ஆனால், எனக்குப் பிடித்தது அதன் ஆரம்பப் பக்கங்கள்.

பியர்ஸுக்கு 18 வயதில், அண்ணனுக்கு வலிப்பு கண்டது. 'நல்லா இருந்தவனுக்கே வந்துச்சே, நமக்கும் வந்துட்டா?' இந்த ஒரே கேள்வி ஆறு வருஷம் அவரைத் துரத்தியது. யேல் பல்கலைக்கழகத்தில் படிக்கிறார். வகுப்பில் எழுந்து பதில் சொல்லும்போது விழுந்துவிட்டால்? பேராசிரியர்களிடம் போய், தன்னைக் கேள்வி கேட்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறார். 1897-ல் பட்டம். அப்புறம் நியூயார்க்கில் குமாஸ்தா உத்தியோகம். வலிப்பு மட்டும் வரவேயில்லை!

பி.காம். படித்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். வராக்கடனுக்கென்று லாபத்தில் கொஞ்சம் ஒதுக்கி வைப்போம் இல்லையா? இந்த மனுஷன் முதலையே மொத்தமாக ஒதுக்கிவிட்டார்.

1900 ஜூனில், இனி தப்பவே முடியாது என்று முடிவுகட்டி மாடி ஜன்னலிலிருந்து குதித்தார். எலும்பு முறிந்தது, உயிர் பிழைத்தது. அடுத்த மாதமே அண்ணன் காலமானார். எல்லாவற்றுக்கும் காரணம் மூளையில் இருந்த கட்டி என்று டாக்டர்கள் கடைசியில்தான் சொன்னார்கள். தம்பி பயப்பட அதில் ஒன்றுமே இல்லை.

பிறகு கனெக்டிகட் மாநிலத்தில் மூன்று வருஷம், மூன்று ஆஸ்பத்திரிகள். பார்க்க வந்த சொந்த உறவினர்களையே வேஷம் போட்ட துப்பறிவாளர்கள் என்று நம்பி, ரெண்டு வருஷத்துக்கு மேல் அநேகமாக வாயே திறக்கவில்லை. தெளிந்த பிறகு வேறு ஆள்! முரட்டு நோயாளிகளின் வார்டில் என்னதான் நடக்கிறது என்று பார்க்க, வேண்டுமென்றே வம்பு பண்ணி அங்கே போகிறார். அடி, உதை, கையைக் கட்டிப்போடும் சட்டை எல்லாம் வாங்கிக்கொண்டு கவர்னருக்கே கடிதம் எழுதுகிறார். படிக்கிற நமக்குக் கை நடுங்குகிறது.

பிற்பாதியில்தான் என் வருத்தம். புத்தகம் திடீரென்று கோட்டும் டையும் மாட்டிக்கொள்கிறது. நன்கொடையாளர்களையும் டாக்டர்களையும் வளைக்க வேண்டுமே! முகப்பில் வில்லியம் ஜேம்ஸின் பாராட்டுக் கடிதம் வேறு. நிர்வாகம், திட்டம், சங்கம் என்று கமிட்டி ரிப்போர்ட் மாதிரி ஓடுகிறது. அந்த ரிப்போர்ட் வீண் போகவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1909-ல் தேசியக் கமிட்டியே அமைந்தது. ஆனால், வகுப்பில் வியர்த்து உட்கார்ந்திருந்த அந்தப் பையன் எங்கே? அவன் அந்த ஆறு வருஷமும் எந்த ஆஸ்பத்திரிச் சுவருக்குள்ளும் இல்லை. வீட்டிலும் ஆபீஸிலும்தான் இருந்தான், உங்களையும் என்னையும் போல.

இன்னொன்று. குணமாகிவிட்டேன் என்ற வெற்றியோடு புத்தகம் முடிகிறது. வாழ்க்கை அப்படி முடியவில்லை. 1939-ல் பியர்ஸ் தானாகவே பிராவிடன்ஸ் நகரின் பட்லர் ஆஸ்பத்திரியில் போய்ச் சேர்ந்தார். 1943-ல் அங்கேயே இறந்தார். அந்தக் கடைசி நாலு வருஷத்தைப் பற்றி அவர் ஒரு புத்தகம் எழுதியிருந்தால், முதலில் அதைத்தான் தேடிப் பிடித்திருப்பேன்.