வேலிக்குள் ஒரு தேநீர்க்கூடம்: பில் டைடியின் ‘கிரிம்பிள்டன் டவுன்’

ஆண்டு மலர் என்றால் காப்பியம், கல்வெட்டு, நீதிநூல் என்று எழுதுவதுதான் நம் வழக்கம். நானும் அந்த வழியில் வந்தவனே. இம்முறை ஓர் ஆங்கிலக் கார்ட்டூன் தொடரை எடுத்துக்கொண்டதற்கு அன்பர்கள் முகம் சுளிக்க வேண்டாம். அங்கதத்தைச் செம்பொருள் அங்கதம், பழிகரப்பு அங்கதம் என்று தொல்காப்பியச் செய்யுளியலே இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது. முகத்துக்கு நேரே பழிப்பது ஒன்று. பழியை மூடி வைத்துச் சொல்வது மற்றொன்று. இரண்டாவது வகைக்கு நம் காலத்தில் எனக்குக் கிடைத்த நல்ல எடுத்துக்காட்டு, லண்டனிலிருந்து வரும் ‘நியூ சயின்டிஸ்ட்’ இதழில் 1970 முதல் 1994 வரை வெளிவந்த ‘கிரிம்பிள்டன் டவுன்’.

மும்பையில் பிளோரா ஃபவுண்டன் நடைபாதையில் பழைய இதழ்களைக் கட்டுக் கட்டாக விற்பார்கள். அறிவியல் படிக்கத்தான் வாங்கினேன். கடையில் வியாபாரம் மந்தமான மதிய நேரங்களில் முதலில் தேடியது என்னவோ இந்தப் படத்தைத்தான்.

பெயரிலிருந்தே தொடங்கலாம். இங்கே ‘டவுன்’ என்றால் பட்டணம் என்று பொருளல்ல. தென் இங்கிலாந்தின் சுண்ணாம்புப் பாறை மேடுகளை, புல் படர்ந்த குன்றுகளை அப்படிச் சொல்வார்கள். அப்படிப்பட்ட மேட்டில், சாலிஸ்பரி ஊருக்கு அருகே இருப்பது போர்ட்டன் டவுன் என்னும் அரசு ஆய்வுக்கூடம். முதல் உலகப்போரில் விஷவாயு புகுந்த பிறகு, 1916இல் தொடங்கியது. நச்சு வாயுக்களையும் பின்னாளில் நோய்க்கிருமிகளையும் ஆராய்ந்த இடம். அந்தப் பெயரோடு விம்பிள்டனையும், கடுகடுப்பு என்று பொருள்படும் ‘கிரிம்’ என்ற சொல்லையும் பிசைந்தால் கிரிம்பிள்டன் வந்துவிடும். ஊர் இல்லை, பெயர் இல்லை, வழக்குப் போட ஆளும் இல்லை! ஆனாலும் வாசகனுக்கு எல்லாம் புரிந்துவிடும். பழிகரப்பு என்றால் இதுதான்.

வரைந்தவர் பில் டைடி. 1933இல் பிறந்து 2023இல் மறைந்தார். ஓவியப் பள்ளியில் படித்தவரல்லர். தாமே வரைந்து தாமே கற்றவர். (பள்ளிப் படிப்பை முடிக்காமல் கல்லாவில் உட்கார்ந்து படித்தவனுக்கு அவர்மேல் தனிப் பாசம் இருப்பது இயற்கைதானே!) ‘பிரைவேட் ஐ’ இதழில் ‘கிளாகீஸ்’, ‘டெய்லி மிரர்’ நாளிதழில் ‘ஃபாஸ்டைக் சாகா’ என்று வேறு தொடர்களும் அவருக்குப் புகழ் தந்தன. கோடு அவசரக் கோடு. வேகமாகக் கிறுக்கியது போலிருக்கும். உற்றுப் பார்த்தால் ஒவ்வொரு முகத்திலும் ஓர் உத்தியோகத் தோரணை தெரியும்.

பொதுவாக விஞ்ஞானியைக் கேலி செய்பவர்கள் தலைமுடி சிலிர்த்த பைத்தியக்காரனைத்தான் வரைவார்கள். உலகை அழிக்கப் போகிறவன், குடுவையில் புகை வரும், கண் பிதுங்கியிருக்கும். டைடியிடம் இது கிடையாது. அவர் காட்டுவது அரசு அலுவலகம். விசித்திரச் சோதனை ஒன்று நடக்கும். ஆனால் அங்குள்ளவர்களின் கவலை மேலதிகாரி, படிவம், விதிமுறை, தேநீர் பற்றித்தான். நம்ம ஊர் ஆபீஸ் மாதிரியே இருக்கிறதே என்று சிரிப்போம். அமெரிக்கரான சிட்னி ஹாரிஸின் படம் ஒன்றைப் பலர் பார்த்திருக்கலாம்: கரும்பலகை நிறைய சமன்பாடு, நடுவில் ஓர் அற்புதம் நிகழ்கிறது என்று ஒரு வரி, அந்த வரியைக் கொஞ்சம் விளக்கும்படி கேட்கும் சகா. அருமையான படம். அங்கே வேடிக்கை மூளைக்குள் நடக்கிறது. டைடியின் வேடிக்கை நிர்வாகத்துக்குள் நடக்கிறது.

காலமும் அதற்குத் தோதாக அமைந்தது. தொடர் தொடங்கிய மறு ஆண்டு, 1971இல், ரோத்ஸ்சைல்டு பிரபு பிரிட்டிஷ் அரசுக்கு ஓர் அறிக்கை அளித்தார். ஷெல் எண்ணெய்க் கம்பெனியில் ஆராய்ச்சிப் பொறுப்பில் இருந்தவர். அரசின் பயன்பாட்டு ஆராய்ச்சியில் துறை என்பது வாடிக்கையாளர், ஆய்வாளர் ஒப்பந்தக்காரர். கேட்பவர் பணம் கொடுக்க வேண்டும், செய்பவர் செய்து தர வேண்டும் என்பது அதன் சாரம். விஞ்ஞானிகள் கொதித்தார்கள். எனக்கோ வேறொரு சந்தேகம். நாற்பது ஆண்டுகளாகப் பாத்திரம் விற்கிறேன். என் வாடிக்கையாளர் குடத்தைத் தட்டிப் பார்த்து, சொந்தப் பணத்தில் வாங்கி, சொந்த வீட்டில் தண்ணீர் பிடிக்கிறார். ஓட்டை இருந்தால் மறுநாளே கடையில் வந்து நிற்பார். போர்ட்டன் போன்ற இடத்தில் கேட்பவர் ஒருவர், பணம் ஊரார் பணம், சரக்கு இறங்குவதோ மூன்றாம் மனிதன் உடம்பில். இதை எந்தக் கணக்குப் புத்தகத்தில் எழுதுவது?

இங்கேதான் இத்தொடரின் பலமும் குறையும் ஒருங்கே தெரிகின்றன என்பது என் துணிபு. எங்கள் சமண நூல்கள் இம்சையைத் தான் செய்தல், பிறரைச் செய்வித்தல், செய்வதற்கு உடன்படுதல் என மூன்றாகச் சொல்லும், மூன்றுமே பாவம்தான். கூடம் பெரிதாகப் பெரிதாக முதலாவது சுருங்கிப் போகும், மற்ற இரண்டும் பெருகும். ஒருவர் கையெழுத்திடுவார், ஒருவர் அளந்து கொடுப்பார், ஒருவர் குறித்துக்கொள்வார். ‘நான் செய்தேன்’ என்று சொல்ல ஒருவரும் இருக்கமாட்டார். கையில் கோப்பையோடு உடன்படுகிற மனிதனை டைடியைப் போல வரைந்தவர் எவரும் என் கண்ணில் படவில்லை. தீயவன் என்று யாரையும் சுட்டாமலே தீமை எப்படி அன்றாட வேலையாகிறது என்பதைப் பெரிய நூல்களைவிடத் தெளிவாக அவர் காட்டிவிடுகிறார்.

குறை என்ன? சிரிப்பவர்கள் அனைவரும் வேலிக்கு உள்ளே, மேசைக்கு இந்தப் பக்கம் இருப்பவர்கள். மறுபக்கம் இருந்தவர்களைச் சற்று எண்ணிப் பார்ப்போம். 1942இல் ஸ்காட்லாந்தை ஒட்டிய குரூயினார்டு தீவில் ஆடுகளைக் கட்டிவைத்து ஆந்த்ராக்ஸ் கிருமியைச் சோதித்தார்கள். ஆடுகள் செத்தன. மண்ணில் கிருமி தங்கிவிட்டது; தீவு பாதுகாப்பானது என்று அறிவிக்க 1990 ஆயிற்று. நம் துணைக்கண்டத்துக்கும் இதில் பங்குண்டு. 1930களிலிருந்து பத்தாண்டுகளுக்கு மேலாக, ராவல்பிண்டியில் நூற்றுக்கணக்கான இந்தியச் சிப்பாய்களைக் கடுகு வாயுவுக்கு உட்படுத்திப் பார்த்தவர்கள் போர்ட்டன் விஞ்ஞானிகள். இது 2007இல்தான் பத்திரிகை வழியே பரவலாகத் தெரிய வந்தது.

1953 மே 6 அன்று ரொனால்டு மேடிசன் என்ற 20 வயது விமானப்படை வீரர், போர்ட்டனில் கையில் சுற்றிய துணிமேல் 200 மில்லிகிராம் சாரின் நஞ்சைச் சொட்டவிட்டபின் இறந்தார். ஜலதோஷத்துக்கு மருந்து காணும் ஆராய்ச்சி என்று நம்பித்தான் போனோம் என்று அவரைப்போல் சோதனைக்குச் சென்ற பலர் பின்னாளில் சொன்னார்கள்.

இவர்களை எல்லாம் கார்ட்டூனில் வரைந்திருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வரைந்தால் சிரிப்பு செத்துவிடும், அதையும் அறிவேன். மூடிச் சொல்லும் அங்கதத்துக்கு ஓர் எல்லை உண்டு: மூடப்பட்டது என்ன என்று வாசகனுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். கிரிம்பிள்டன் என்றதும் போர்ட்டன் என்ற பெயர் அவனுக்குத் தெரிந்தது. மேடிசன் என்ற பெயர் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்? அவருடைய சாவைப் பற்றிய முதல் விசாரணை 1953இல் ரகசியமாகவே நடந்து, தற்செயலாக நேர்ந்தது என்று முடிந்தது. சட்டவிரோதக் கொலை என்ற தீர்ப்பு வர 2004 ஆகிவிட்டது. கிரிம்பிள்டன் டவுன் வெளிவந்த அந்த 24 ஆண்டுகளும் பதிவேட்டில் பழைய தீர்ப்பேதான் இருந்தது.