அனுபவத்தின் பெயரால்

ஒலிம்பிக் ஹாக்கி அணியில் 16 பேருக்குத்தான் இடம். 2024இல் பாரிஸுக்குச் சென்ற இந்திய ஆண்கள் அணியில் கோல்கீப்பர் ஒருவர். தற்காப்பிலும் நடுக்களத்திலும் முன்களத்திலும் ஐவர் ஐவர். அவர்களில் 11 பேர் ஏற்கெனவே டோக்கியோ சென்று வந்தவர்கள். ஒலிம்பிக்குக்குப் புதியவர்கள் ஐவர் மட்டுமே. ஸ்பெயினை 2-1 என வென்று தொடர்ந்து இரண்டாவது முறையாக வெண்கலம் வந்ததும், பெரிய ஆட்டத்துக்குப் பழகிய கைகளே வேண்டும் என்ற பழைய வாதத்துக்கு அந்தப் பதக்கமே சான்றாயிற்று. அந்த வாதத்தில் ஒரு பாதி உண்மை. மறுபாதி இந்திய அணித் தேர்வின் நெடுநாள் குறை.

உண்மையான பாதியை முதலில் சொல்லிவிடலாம். ஆண்டுகள் ஏற ஏறத் தேறும் பொறுப்புகள் ஹாக்கியில் உண்டு. கோல்கீப்பிங் அவற்றுள் முதலாவது. பாரிஸில் பிரிட்டனுக்கு எதிரான காலிறுதியில் 17ஆவது நிமிடத்தில் அமித் ரோஹிதாஸ் சிவப்பு அட்டை பெற்று வெளியேற, மீதி ஆட்டம் முழுவதையும் பத்துப் பேரோடு ஆடிய இந்தியா 1-1 எனத் தாக்குப்பிடித்து, ஷூட்-அவுட்டில் 4-2 என வென்றது. அன்று கோலைக் காத்த ஸ்ரீஜேஷுக்கு வயது 36. பெனால்டி கார்னரில் டிராக் ஃப்ளிக் அடிப்பதும் அப்படிப்பட்ட பொறுப்புதான். பாரிஸில் இந்தியா அடித்த 15 கோல்களில் 10 ஹர்மன்பிரீத் சிங்குடையவை. மூத்தவர்களை ஒரேயடியாகக் கழிப்பது தீர்வாகாது என்பதற்கும் சான்று இருக்கிறது. 1998 பாங்காக் ஆசிய விளையாட்டில் 32 ஆண்டுகளுக்குப் பின் தங்கம் வென்ற கையோடு, தன்ராஜ் பிள்ளை, ஆஷிஷ் பல்லால் உள்ளிட்ட மூத்தவர்கள் ஓய்வு என்ற பெயரில் ஒதுக்கப்பட்டனர். அதை இளைஞர்களுக்கு வழிவிடும் திட்டம் என்று எவரும் நம்பவில்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து சிட்னி ஒலிம்பிக்கில் இந்தியாவுக்குக் கிடைத்தது ஏழாம் இடம்.

இவற்றை ஒப்புக்கொண்ட பிறகும் அடிப்படைக் கேள்வி அப்படியே நிற்கிறது. அனுபவம் என்பது தேர்வுக் குழு கொடுத்தால் மட்டுமே ஒருவருக்குக் கிடைக்கும் பொருள். அதைக் கொடுக்காமல் வைத்திருந்து, அது இல்லை என்பதையே குறையாகச் சொல்லி ஒருவரை விலக்குவது, நீச்சல் கற்ற பிறகு குளத்தில் இறங்கு என்று சொல்வதற்கு ஒப்பாகும். இந்த வட்டம் வெளியே தெரியாமல் இருப்பதற்குக் காரணம் வெற்றி. மூத்தவர் ஆடி அணி வென்றால் அனுபவம் வென்றது என்பார்கள். தோற்றால் அடுத்த முறை இன்னும் அனுபவம் வேண்டும் என்பார்கள். எந்த முடிவு வந்தாலும் பொய்க்காத வாதம் எதையும் நிறுவுவதில்லை.

பாரிஸின் கோல் பட்டியலையே பொறுப்பு வாரியாகப் பிரித்துப் பார்த்தால் இது விளங்கும். முன்களத்துக்குத் தேர்வான ஐவரில் மன்தீப், லலித், குர்ஜந்த் மூவரும் டோக்கியோ கண்டவர்கள்; அபிஷேக்கும் சுக்ஜீத்தும் புதியவர்கள். முன்கள வீரர்கள் அடித்தவை மொத்தம் நான்கு கோல்கள். மூன்று மூத்தவர்களின் பங்கு நியூசிலாந்துக்கு எதிராக மன்தீப் அடித்த ஒன்று. அபிஷேக் பெல்ஜியத்துக்கு எதிராகவும் ஆஸ்திரேலியாவுக்கு எதிராகவும் அடித்தார். 1972க்குப் பிறகு ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியாவை இந்தியா வென்றது அந்த இரண்டாவது ஆட்டத்தில்தான். ஜெர்மனியுடனான அரையிறுதியில் சுக்ஜீத் அடித்தார். காலிறுதி ஷூட்-அவுட்டின் நான்கு கோல்களில் இரண்டு, சுக்ஜீத், ராஜ்குமார் பால் என்ற புதியவர்களுடையவை. ஆட்டத்தை முடித்த கடைசி அடி ராஜ்குமாருடையது. நெருக்கடியில் கைநடுங்கும் என்று யாரைப் பற்றி அஞ்சப்பட்டதோ, அவர்கள்தான் நெருக்கடியில் அடித்தார்கள்.

டோக்கியோவும் இதையே காட்டியது. ஜெர்மனியிடம் 1-3 எனப் பின்தங்கியிருந்து 5-4 என வென்ற வெண்கல ஆட்டத்தில் இரண்டு கோல்கள் சிம்ரன்ஜீத் சிங்குடையவை. முதலில் அறிவிக்கப்பட்ட 16 பேரில் அவர் இல்லை. மாற்று வீரராகத்தான் குறிக்கப்பட்டிருந்தார். பெருந்தொற்றுக் காலத்து விதிமாற்றத்தால் அணியில் 18 பேர் அனுமதிக்கப்பட்டதால்தான் அவர் களம் கண்டார். 41 ஆண்டுகளுக்குப் பின் வந்த அந்தப் பதக்கத்தில் தேர்வாளர்களின் கணிப்புக்கு எவ்வளவு பங்கோ, விதி தளர்ந்ததற்கும் அவ்வளவு பங்கு உண்டு.

புதியவர் என்ற சொல்லுக்கு இந்திய அணியில் என்ன வயது என்பதையும் பார்க்க வேண்டும். சுக்ஜீத் தேசிய அணிக்கு முதலில் ஆடியது 25 வயதில். பாரிஸில் அறிமுகமானபோது 27. மாஸ்கோவில் 1980இல் வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் தங்கம் வென்ற அணியில் முகமது ஷாகித்துக்கு வயது 20. பாரிஸில் போற்றப்பட்ட மூத்தவர்களும் இளமையிலேயே வாய்ப்புப் பெற்றவர்கள்தான். ஸ்ரீஜேஷ் 18 வயதில் தேசிய அணிக்கு ஆடினார். மன்பிரீத் சிங் 20 வயதில் லண்டன் ஒலிம்பிக் சென்றார். இருவரும் இருந்த அந்த அணி 12ஆவதாக, கடைசி இடத்தில் முடித்தது. இன்று விலைமதிப்பற்றதாகச் சொல்லப்படும் அனுபவம் அன்றைய தோல்விகளைப் பொறுத்துக்கொண்டதால் வந்தது. அந்தப் பொறுமை அடுத்த தலைமுறைக்குக் கிடைக்கவில்லை.

அரியலூரைச் சேர்ந்த கார்த்தி செல்வம் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. 2022இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பைக்கு இளம் அணி ஒன்று அனுப்பப்பட்டு வெண்கலத்துடன் திரும்பியது. அதில் அறிமுகமான கார்த்தி, பாகிஸ்தானுக்கு எதிரான முதல் ஆட்டத்திலேயே கோல் அடித்தார். அடுத்த ஆண்டு சென்னையில் நடந்த ஆசிய சாம்பியன்ஸ் கோப்பையிலும் அடித்தார். ஹாங்சோ ஆசிய விளையாட்டுக்குச் சென்ற அணியில் அவர் இல்லை. அந்த அணி தங்கம் வென்றது. ஆகவே அவரை ஏன் விட்டார்கள் என்ற கேள்விக்கு இடமில்லாமல் போயிற்று.

பதிலாக, இளையவர்களுக்கு, நாடுகளுக்கு இடையிலான புரோ லீக் தொடர் இருக்கிறதே என்பார்கள். ஆனால் 2025 ஜூனில் ஐரோப்பாவில் நடந்த புரோ லீக் சுற்றிலும் பெரும்பகுதி பாரிஸ் வீரர்களே ஆடினார்கள். இந்தியா தொடர்ந்து ஏழு ஆட்டங்களில் தோற்றது. அவற்றில் ஆறு ஒரே கோல் வித்தியாசத்தில். நெருக்கமான ஆட்டத்தைக் காப்பதுதான் அனுபவத்தின் வேலை என்றால், அந்த வாரங்களில் அது எங்கே இருந்தது என்று அதன் ஆதரவாளர்கள்தான் சொல்ல வேண்டும். புதியவர்களை இறக்கித் தோற்றிருந்தால் அந்த ஏழு தோல்விகளும் பாடமாகவாவது மிஞ்சியிருக்கும்.

சரியான வழி இந்த அணிக்குள்ளேயே ஓரிடத்தில் நடந்தது. ஸ்ரீஜேஷ் ஆடிய காலத்திலேயே பல ஆட்டங்களில் அவரும் கிருஷண் பதக்கும் கால்பகுதிகளைப் பங்கிட்டுக் கோலைக் காத்தனர். ஸ்ரீஜேஷ் விடைபெற்றபோது அந்த இடம் வெறுமையாகவில்லை. 2025இல் ராஜ்கிரில் கொரியாவை 4-1 என வென்று ஆசியக் கோப்பையை எடுத்தபோது கோல்கீப்பர் பதக். மூத்தவர் இருக்கும்போதே இளையவரும் ஆடும் இந்த ஏற்பாடு, முதிர்ச்சி அதிகம் வேண்டிய கோல்கீப்பிங்கில் நடந்தது. வேகம் அதிகம் வேண்டிய முன்களத்துக்கு வரவில்லை. தேர்வின் தலைகீழ்த்தனம் இதுதான்.

சென்னையிலும் மதுரையிலும் 2025இல் நடந்த ஜூனியர் உலகக் கோப்பையில் ஸ்ரீஜேஷ் பயிற்றுவித்த இந்திய அணி வெண்கலம் வென்றது. லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக் 2028இல். இந்த இளையவர்கள் அதற்குப் பயன்பட வேண்டுமானால், அனுபவத்தைக் கோலுக்கும் பெனால்டி கார்னருக்கும் கடைசித் தற்காப்புக்கும் உரிய தகுதியாக வைத்துக்கொண்டு, முன்களத்தையும் நடுக்களத்தில் பாதியையும் இப்போதே அவர்களுக்குத் திறக்க வேண்டும். அதற்குரிய தோல்விகளையும் இப்போதே ஏற்க வேண்டும். ஒலிம்பிக் ஆண்டில் தொடங்கினால் அவர்களுக்கு அனுபவம் இல்லை என்ற பதிலே மீண்டும் வரும். அப்போது அது உண்மையாகவும் இருக்கும்.