சமன் செய்த சத்தம்: செய்கூலியும் சேதாரமும்

1944இல் வந்த ‘ஹரிதாஸ்’ படத்தில் பாகவதர் பாடிய பாட்டையும் போன மாதம் வெளியான ஒரு குத்துப் பாட்டையும் ஒரே பெண்டிரைவில் போட்டு ஷஃபிளைத் தட்டிவிடுங்கள். பாகவதர் குரல் தெளிவாகக் கேட்க வால்யூமை ஏற்றியிருப்பீர்கள். அடுத்த பாட்டின் முதல் அடியிலேயே ஜன்னல் கண்ணாடி அதிரும். இரண்டுக்கும் நடுவில் பத்து டெசிபல் வித்தியாசம் இருப்பது சர்வசாதாரணம். இசைத்தட்டு, கேசட், சி.டி., இணையம் என்று நான்கு காலத்துச் சரக்கையும் ஆயிரக்கணக்கில் சேர்த்து வைத்திருப்பவர்கள் ரிமோட்டைக் கீழே வைக்கவே முடியாது. அந்தத் தொல்லைக்குத் தீர்வாக வந்ததுதான் ஒலியளவைச் சமன் செய்யும் வழக்கம். தேவையான வழக்கம்தான். ஆனால் ஒரு பாட்டுக்கு ஒரே ஓர் எண் என்ற அதன் அஸ்திவாரம் சினிமாப் பாட்டை ஏறக்குறையத் தாங்குகிறது, கச்சேரியைத் தாங்கவில்லை.

ஒதுக்க வேண்டியதை முதலில் ஒதுக்கிவிடலாம். பாட்டின் மிக உயர்ந்த உச்சியைத் தேடி, அது எல்லையைத் தொடும்வரை முழுப் பாட்டையும் ஏற்றுவது ஒரு முறை. ஒலித்திருத்த மென்பொருள்கள் பலவற்றில் ‘நார்மலைஸ்’ என்ற கட்டளை செய்வது இதைத்தான். காதோ சத்தத்தை உச்சியை வைத்து எடைபோடுவதில்லை. சற்று நேரத்துக்குச் சராசரியாக வந்து சேரும் ஆற்றலை வைத்தே எடைபோடுகிறது. பழைய 78 ஆர்.பி.எம். தட்டிலிருந்து மாற்றிய பாட்டில் மிக உயர்ந்த உச்சி பாடகருடையதாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம். தட்டில் விழுந்த கீறலின் ‘டிக்’காகவே அது இருக்கக்கூடும். அந்த ‘டிக்’ ஏற்கெனவே எல்லையில் நின்றால், இதற்கு மேல் ஏற்ற இடமில்லை என்று மென்பொருள் கைவிரித்துவிடும். பாகவதர் எவ்வளவு சத்தமாகப் பாடலாம் என்பதை ஒரு கீறல் முடிவுசெய்கிறது! போதாததற்கு, மாற்றியதை எம்பி3யாகத் திரும்பச் சேமிக்கும் ஒவ்வொரு முறையும் தரம் கொஞ்சம் கரையும்.

டேவிட் ராபின்சன் 2001இல் முன்வைத்த ‘ரீப்ளேகெயின்’ அளப்பதையும் மாற்றுவதையும் இரண்டாகப் பிரித்தது. பாட்டைக் காதின் போக்கில் அளந்து, இவ்வளவு ஏற்று அல்லது இறக்கு என்ற எண்ணைக் கோப்பின் டேக்கில், அதாவது பாட்டைப் பற்றிய குறிப்புப் பகுதியில், எழுதிவைக்கும், ஒலியைத் தொடாது. பாட்டைப் போடும் செயலி அந்த எண்ணைப் படித்து அந்த நேரத்துக்கு மட்டும் கூட்டிக் குறைத்துக்கொள்ளும். பிடிக்கவில்லையா, டேக்கை அழித்துவிடலாம். இந்த வழக்கத்தில் எனக்கு மிகவும் பிடித்த குணம் இதுதான்: அளவீடு தப்பாகப் போனாலும் பாட்டுக்கு ஒன்றும் ஆகாது.

ஆனால் படிக்கத் தெரிந்த கருவி வேண்டும். கணினியில் ஃபூபார்2000 என்ற செயலி படிக்கும். கார் ஸ்டீரியோவும் கல்யாண மண்டபத்து ஆம்ப்ளிஃபயரும் பெரும்பாலும் படிப்பதில்லை. அந்த இடைவெளியில் புகுந்ததுதான் ‘எம்பி3கெயின்’ என்ற சின்ன மென்பொருள். எம்பி3 கோப்பு சிறு சிறு துண்டுகளால் ஆனது. ஒவ்வொரு துண்டிலும் மொத்த அளவைக் குறிக்கும் ஓர் எண் உண்டு. அந்த எண்ணை மட்டும் இது மாற்றும். ஒலியைப் பிரித்து மறுபடி சுருக்குவதில்லை என்பதால் தரம் குறையாது, செய்ததைத் திருப்பவும் முடியும். ஒரு படி என்பது 1.5 டெசிபல், அதற்கும் நுணுக்கமாக நகர்த்த முடியாது என்பது பொருட்படுத்த வேண்டாத குறை. உண்மையான தொந்தரவு மனிதர்களிடமிருந்து வருகிறது. அதில் இயல்பாக வைத்திருக்கும் இலக்கு 89 டெசிபல். சமன் செய்து முடித்ததும் எல்லாப் பாட்டும் சத்தம் குறைந்துவிட்டதாகத் தோன்றும். உடனே இலக்கை 95, 97 என்று ஏற்றுவார்கள். மென்மையான பாட்டுகளின் உச்சிகள் எல்லையைத் தாண்டி வெட்டுப்பட்டுக் கரகரக்கும். தாழ்ந்த இலக்கு என்பது உச்சிகளுக்காக விட்டுவைத்த இடம். சத்தம் போதவில்லையென்றால் ஆம்ப்ளிஃபயரின் குமிழைத் திருக வேண்டுமே தவிர, கோப்பில் கை வைக்கக்கூடாது.

இந்த வழக்கம் கேட்பவர்களைவிடப் பாட்டுக்குச் செய்த நன்மை பெரிது. 1990களிலிருந்து உலகெங்கும் பாட்டுகளை நசுக்கி நசுக்கிச் சத்தமாக்கும் போட்டி நடந்தது. மெட்டாலிகா இசைக்குழுவின் ‘டெத் மேக்னெட்டிக்’ ஆல்பம் 2008இல் வந்தபோது ரசிகர்களே முகம் சுளித்தார்கள். ‘கிடார் ஹீரோ’ விளையாட்டில் வந்த அதே பாட்டுகள் இவ்வளவு நசுங்காமல் இருந்ததை ஒப்பிட்டுக் காட்டினார்கள். நம் சினிமாப் பாட்டும் அதே ஓட்டத்தில் ஓடியது. இன்று ஸ்பாட்டிஃபை தன் இயல்பான அமைப்பில் -14 எல்.யூ.எஃப்.எஸ். என்ற மட்டத்தை நோக்கிச் சமன் செய்கிறது. -8இல் நசுக்கி அனுப்பிய பாட்டு அங்கே ஆறு டெசிபல் இறக்கப்படும். இறங்கிய பிறகு பார்த்தால் அதில் மேடு பள்ளம் எதுவும் மிஞ்சியிருக்காது. பக்கத்தில் ஒலிக்கும் நசுக்காத பாட்டின் மேளம்தான் துள்ளிக்கொண்டு வரும். சத்தத்தால் கிடைத்த சலுகை ரத்தானது.

காதுக்குத் தெரியும் சத்தத்தை அளக்கும் எல்.யூ.எஃப்.எஸ். என்ற அலகு ஒலிபரப்புக்காரர்கள் தந்தது. 2006இல் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமான ஐ.டி.யூ. வெளியிட்ட பி.எஸ். 1770 என்ற அளவீட்டு முறையும், அதன்மேல் 2010இல் ஐரோப்பிய ஒலிபரப்புச் சங்கம் கட்டிய ஆர் 128 பரிந்துரையும் இன்று பெரும்பாலானவற்றுக்கு அடிப்படை. தமிழ்த் தொகுப்பில் இது ஓரிடத்தில் தடுக்கிவிழும். அந்தக் கணக்கு ஒவ்வொரு சேனலின் ஆற்றலையும் கூட்டுகிறது. ஒற்றைச் சேனல் மோனோ கோப்பை அளந்தால், அதே ஒலியை இடம் வலம் இரண்டிலும் வைத்து அளந்ததைவிட 3 குறைவாகக் காட்டும். ஆனால் போடும்போது இரண்டு ஸ்பீக்கரிலும் ஒலிக்கும். ஆக, பழைய பாட்டு இருக்க வேண்டியதைவிட 3 டெசிபல் கூடுதலாக வந்து நிற்கும். 1978இல் ‘பிரியா’ பாடல்கள் ஸ்டீரியோவில் வந்ததே பெரிய புதுமையாகப் பேசப்பட்ட ஊர் நம்முடையது. அதற்கு முந்தைய சரக்கு ஏறக்குறைய முழுவதும் மோனோ. எஃப்.எஃப்.எம்பெக் என்ற மென்பொருளில் இதைச் சரிசெய்ய ஒரு தேர்வு உண்டு, ஆனால் நாமாகக் கேட்டால்தான் செய்யும்.

இனி கச்சேரி. ஒரே கோப்பில் பாதி நேரம் ஆலாபனை -24இலும், மீதி நேரம் கீர்த்தனையும் தனி ஆவர்த்தனமும் -14இலும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். சராசரி -19 என்று தோன்றும். ஆற்றல் கணக்கில் அது ஏறத்தாழ -16.6, சத்தமான பாதியே எண்ணைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. ஆலாபனை இன்னும் மென்மையாக, -30இல் இருந்தால் கதை இன்னும் மோசம். மொத்தச் சராசரிக்குப் பத்துக்கும் கீழே உள்ள பகுதிகளை மௌனம் என்று கருதி விட்டுவிடுவது இந்த முறையின் விதி. எனவே ஆலாபனை கணக்கிலேயே வராது. அந்தக் கோப்பின் எண் தனி ஆவர்த்தனத்தின் எண்ணாகிவிடும். ஒலிபரப்பு நிகழ்ச்சிகளில் வரும் அமைதியான இடைவெளியை ஒதுக்க உருவான விதிக்கு, தம்புராவின் மேல் மெல்ல எழும் ஒரு சஞ்சாரம் மௌனமாகத் தெரிகிறது. சபா பதிவாக இருந்தால் கைதட்டலும் இசைக் கணக்கில் சேரும். கச்சேரியைத் துண்டுகளாக வெட்டித் துண்டுக்கு ஓர் எண் கொடுத்தாலோ, கடைசியில் வரும் விருத்தம் தனிக்கு இணையாக உறுமும்.

இதற்குப் பதிலாக ‘ஆல்பம் கெயின்’ உண்டு: தட்டு முழுவதற்கும் ஒரே எண், உள்ளே உள்ள ஏற்ற இறக்கம் அப்படியே. கச்சேரிக்கு இருப்பதில் இதுவே மேல். சினிமாப் பாட்டில் இது படுத்துவிடும். நாம் படம் படமாகக் கேட்பதில்லை; ஒரு பாட்டு இந்தப் படத்திலிருந்து, அடுத்தது இன்னொன்றிலிருந்து. ஆல்பம் என்ற இடத்தில் ‘ஹிட்ஸ்’ என்றும், சில சமயம் பாட்டை ஏற்றிய இணையதளத்தின் பெயரும்தான் இருக்கும். ஒரே தளத்தின் பெயரைத் தாங்கிய இரண்டாயிரம் பாட்டையும் ஒரே ஆல்பம் என்று நம்பி மென்பொருள் ஒரே எண்ணைப் போட்டால், எதுவுமே சமனாகாது. டேக்கைத் திருத்துவதுதான் இதில் பெரிய வேலை, அளப்பது கணினிக்குச் சில மணி நேரம்.

ஆகவே சினிமாப் பாட்டுக்குப் பாட்டுக்கொரு எண், கச்சேரிக்கு ஆல்பத்துக்கொரு எண், மூலக் கோப்புகளில் டேக் மட்டும். காருக்குத் தனிப் பிரதி எடுத்து அதில் எம்பி3கெயினை ஓட்டிக்கொள்ளலாம். அந்தக் காரிலும் கச்சேரிக்கு இது உதவாது. நெடுஞ்சாலை இரைச்சலில் ஆலாபனை மூழ்கிப்போகும்; கோப்பு முழுவதையும் எவ்வளவு ஏற்றினாலும் தனி ஆவர்த்தனமும் கூடவே ஏறும். அங்கே வேண்டியது பள்ளத்தை ஏற்றி மேட்டைத் தட்டும் கம்ப்ரெஷன், அதாவது சத்தப் போட்டியில் நாம் திட்டித் தீர்த்த அதே நசுக்கல்.